மார்கழிக் குளிருக்கு ஒரு ஜெர்மன் பை

என் மகள் பிறந்த வருஷம் மதுரையில் கடுங்குளிர் அடித்ததாக எங்கள் வீட்டில் முடிவு செய்தோம். வானத்தைப் பார்த்து எடுத்த முடிவில்லை. அக்கா ஜெர்மனியிலிருந்து ஒரு பை அனுப்பியிருந்தாள். பை வந்துவிட்ட பிறகு குளிர் வராமல் இருந்தால் மரியாதையாக இருக்காது.

எழுபதுகளின் கடைசி அது. சிம்மக்கல்லில் ஒரு சந்துக்குள் மாடி வீட்டில் குடியிருந்தோம். தலைக்கு மேல் மொட்டை மாடி. பகல் பூராவும் வெயிலைக் குடித்துவிட்டு, விளக்கு வைத்த பிறகு அதை எங்கள் மேல் நிதானமாகக் கக்குகிற மாடி. நான் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். என் மனைவி வேறொரு பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர். பிரசவ லீவில் இருந்தாள். எங்களோடு இருந்தது என் அப்பா, ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். அம்மா என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டாள். மனைவியின் ஊர் சோழவந்தான். அவள் வீட்டார் மூன்று தலைமுறையாக வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர்கள். பிள்ளை பிறந்ததும் அவள் அம்மா வந்து ஒரு மாதம் இருந்துவிட்டு, கொடிக்காலில் வேலை கிடக்கிறதென்று போய்விட்டார். ஆக, ஒரு மாதக் குழந்தையை வளர்க்கும் பொறுப்பு ஒரு தையல் டீச்சர், ஒரு இங்கிலீஷ் வாத்தியார், ஒரு ரிட்டையர்டு கார்டு ஆகிய மூவர் கையில் வந்து சேர்ந்தது. மூவரில் ஒருத்திக்குத்தான் அறிவிருந்தது. மற்ற இருவருக்கும் அபிப்பிராயம் இருந்தது.

அக்கா எட்டு வருஷமாக ஜெர்மனியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளோடு வேலை பார்த்த திண்டுக்கல் பெண் ஒருத்தி லீவில் வந்தபோது அவளிடம் ஓர் அட்டைப் பெட்டியைக் கொடுத்துவிட்டிருந்தாள். நான் திண்டுக்கல்லுக்குப் பஸ்ஸில் போய், பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். பிரித்துப் பார்த்தால் சாக்லேட்டுகள் எல்லாம் உருகி ஒரே பாளமாகியிருந்தன. சோப்பு, பேனா, அப்பாவுக்கு ஒரு கம்பளி ஸ்வெட்டர். அடியில் நீலக் கலரில், மெத்தை மாதிரி கட்டம் கட்டமாகத் தைத்து, நடுவில் ஜிப் வைத்த ஒரு வஸ்து.

"தலகாணி உறை" என்றார் அப்பா.

கீழ் வீட்டுக்காரம்மா பார்க்க வந்திருந்தார். "காப்பிப் பானைய மூடி வைக்கிறதா இருக்கும். அந்த ஊர்ல சீக்கிரம் ஆறிப்போகும்ல" என்றார்.

மனைவி அதை வாங்கி ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். "கழுத்து இருக்கு. கை நுழைய ரெண்டு ஓட்டை இருக்கு. அடி மூடியிருக்கு. பிள்ளைக்கு உள்ளது. போர்வையப் போத்துனா எத்தித் தள்ளிரும்ல, அதுக்குப் பதிலா இதுக்குள்ள படுக்க வைக்கிறது. ஆனா இது ஒரு வயசுப் பிள்ளைக்கான அளவு."

அரை நிமிஷத்தில் தெரிய வேண்டியது எல்லாம் தெரிந்துவிட்டது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் பைக்குள் மடித்த ஒரு தாள் இருந்தது. ஜெர்மன் பாஷையில் ஆறு வரி. வீட்டில் படித்தவன் நான் இருக்கும்போது, அச்சடித்த ஒரு தாளை யாரும் படிக்காமல் விடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

ஜெர்மனும் இங்கிலீஷும் அக்கா தங்கச்சி பாஷைகள் என்று எங்கோ படித்திருந்தேன். தங்கச்சியைத் தெரிந்தவனுக்கு அக்கா என்ன அந்நியமா. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஆறு வரியிலும் ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப வந்தது. எழுத்துக் கூட்டினால் 'நிக்ட்'. இங்கிலீஷில் நைட் என்று எழுதுகிற ஐந்து எழுத்தில் நடு எழுத்து மட்டும் மாறியிருந்தது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய பண்டிதன் வேண்டியதில்லை. நிக்ட் என்றால் நைட். மற்றவை தானாகவே விழுந்தன. 'வார்ம்' என்று ஒரு சொல்; வெதுவெதுப்பு. 'ஆர்ம' என்று ஒரு சொல், கை. 'டெக்' என்பது கப்பலின் மேல்தளம், ஆகவே மேலே போர்த்துவது.

அரை மணி நேரத்தில் மொழிபெயர்ப்பை முடித்து உரக்க வாசித்தேன். "ஒன்று, இரவில் மேலே போர்வையுடன் பயன்படுத்தவும். இரண்டு, இரவில் குல்லாயுடன் பயன்படுத்தவும். மூன்று, இரவில் மிகவும் வெதுவெதுப்பாக உடுத்தவும். நான்கு, கைகளை இரவில் உள்ளே வைத்து மூடவும். ஐந்து, இரவில் பெரிய அளவாக வாங்கவும்."

"ராத்திரியில போய்ப் பெரிய அளவா வாங்கணுமாமா?" என்றாள் மனைவி.

"அங்க கடையெல்லாம் ராத்திரிலதான் திறந்திருக்கும் போல."

ஆறாவது வரி பிடிபடவில்லை. ஆறில் ஐந்து கிடைத்தால் என் பள்ளிக்கூடத்தில் முதல் ரேங்க்.

"அது பனி பெய்யிற ஊருங்க" என்றாள் அவள். "நமக்கு எதுக்கு இம்புட்டு? வெத்தலையவே இப்படி மூட்டமாக் கட்டுனா ஒரே நாள்ல வெந்துபோகும். எங்கப்பா கட்டுக்கு நடுவுல காத்துப் போக வழி விட்டுத்தான் கட்டுவாரு."

ஜெர்மானியர்கள் ஆராய்ச்சி செய்து எழுதியதற்கு எதிராகச் சோழவந்தான் வெற்றிலையைச் சாட்சி சொல்ல வைத்தது எனக்குச் சிரிப்பாக இருந்தது. அதை அவளிடம் சொல்லவும் செய்தேன்.

அப்பா என் பக்கம். டிசம்பர் பிறந்ததுமே அவர் காதைச் சுற்றி மஃப்ளரைக் கட்டிவிடுவார். அதற்கு மேல் இப்போது ஜெர்மன் ஸ்வெட்டர் வேறு. அந்த உடுப்பில் வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "இந்த வருஷம் பனி ஜாஸ்தி" என்பார். பேத்திக்கு ஒரு குரங்குக் குல்லாயும் வாங்கி வந்தார்.

அதுவரை குழந்தை வெறும் சட்டையோடு சேலைத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. அதை இறக்கிக் கட்டிலில் படுக்க வைத்தோம். முதலில் பனியன், அதற்கு மேல் சட்டை, சட்டைக்கு மேல் மனைவியின் பள்ளியில் யாரோ பின்னிக் கொடுத்த கம்பளிச் சட்டை, காலுக்குச் சாக்ஸ், தலைக்குக் குல்லாய். பிறகு கைகளை உடம்போடு ஒட்டி வைத்து, பைக்குள் இறக்கி, ஜிப்பை மேலே இழுத்து, அதற்கும் மேலே ஒரு போர்வை. வெளியே தெரிந்தது ஒரு மூக்கும் இரண்டு கண்ணும். அந்தக் கண்கள் என்னைப் பார்த்த பார்வையை அப்போது நான் நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

தாளில் இரவு என்று போட்டிருந்தாலும், இரவில் வந்து பார்க்க யார் இருக்கிறார்கள்? அதனால் பகலிலும் போட்டோம். என் பள்ளிக்கூட வாத்தியார்கள் வந்தார்கள். அப்பாவின் பழைய ஸ்டேஷன் சிநேகிதர்கள் வந்தார்கள். ஆள் வரும் சத்தம் படியில் கேட்டதும் நான் போய் ஜிப்பைப் போடுவேன். ஆள் போன சத்தம் கேட்டதும் மனைவி போய்க் கழற்றுவாள். எங்கள் வீட்டில் அந்த மாதம் பேச்சைவிட ஜிப் சத்தம்தான் அதிகம்.

பத்தே நாளில் குழந்தையின் கழுத்து, முதுகு, கன்னம் எல்லாம் சிவப்புச் சிவப்பாகப் பொரிந்துவிட்டது. "கலர் மாறுது" என்றேன். கீழ் வீட்டுக்காரம்மா குனிந்து பார்த்தார். "இது வேர்க்குரு தம்பி. சித்திரையில எனக்கு வரும். மார்கழியில ஒரு பிள்ளைக்கு வந்து இப்பத்தான் பாக்குறேன்" என்றார். அதோடு குழந்தை பால் குடிக்க மறுத்துச் சிணுங்க ஆரம்பித்தது. உடம்பு கொதித்தது.

அடுத்த தெருவில் ஒரு லேடி டாக்டர் இருந்தார். அவரிடம் தூக்கிப் போனோம், பையோடுதான். டாக்டர் மேஜையில் வைத்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். கழற்றக் கழற்ற வந்துகொண்டே இருந்தது. கடைசியில் குழந்தை தட்டுப்பட்டபோது கொஞ்சம் ஆச்சரியப்பட்டார் என்றே நினைக்கிறேன்.

"காய்ச்சல் இல்ல. வேக வச்சிருக்கீங்க" என்றார். உடுப்பையெல்லாம் கழற்றிக் காற்றாட விட்டுக் கால் மணி நேரம் காத்திருக்கச் சொன்னார். சூடு இறங்கிவிட்டது.

"கையும் காலும் சில்லுனு இருக்குதே டாக்டர், குளிராதா?" என்று அப்பா கேட்டார்.

"சின்னப் பிள்ளைக்குக் கை கால் எப்பவும் கொஞ்சம் சில்லுனுதான் இருக்கும். அதத் தொட்டுப் பாத்துத் துணி மேல துணியாப் போடாதீங்க. பிடரியில விரல வச்சுப் பாருங்க. வெதுவெதுப்பா, ஈரமில்லாம இருந்தாச் சரி. வேர்த்திருந்தா ஒரு துணியக் கழட்டுங்க. வீட்டுக்குள்ள தலைக்குக் குல்லாயே வேணாம். பிள்ளைக்குச் சூடு வெளிய போறதே தலை வழியாத்தான்."

மனைவி விரலை வைத்துப் பார்த்துப் பழகிக்கொண்டாள். திரும்பி நடக்கும்போது நான், "இவங்க மதுரையில படிச்சவங்க. ஜெர்மனி முறை இவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன். அவள் பிள்ளையின் பிடரியில் விரலை வைத்தபடியே முன்னால் நடந்தாள். இருந்தாலும் பெரிய மனசோடு நான் விட்டுக்கொடுத்தேன். கம்பளியும் குல்லாயும் போர்வையும் போயின. பையை மட்டும் விடவில்லை. அக்கா எட்டாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து அனுப்பியது என்று அடிக்கடி சொன்னேன். எட்டாயிரம் என்பது நானாகப் போட்ட கணக்கு. அதையும் யாரும் கேட்கவில்லை.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு ஆகியிருந்தது. அப்பா சர்ச்சில் ஏதோ கூட்டமென்று போயிருந்தார். மனைவி துணி துவைக்கக் கீழே போனாள். போகும்போது, "வெறுந்துணியோட கெடக்கட்டும். பைய எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அவள் படி இறங்கியதும் ஜன்னல் வழியாகக் கொஞ்சம் காற்று வந்தது. குழந்தை காலை உதைத்துச் சிணுங்கியது. குளிருகிறது என்று எனக்குப் பட்டது. மத்தியானம் இரண்டு மணிக்கு, சிம்மக்கல்லில்.

பைக்குள் இறக்கி, கைகளை உள்ளே வைத்து, ஜிப்பைப் போட்டேன். கொஞ்ச நேரம் அழுதது, தட்டிக் கொடுத்தேன், அடங்கியது. பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து பத்தாம் வகுப்புப் பேப்பர் கட்டைத் திருத்த ஆரம்பித்தேன். பிள்ளைகள் வழக்கம்போல் இங்கிலீஷைக் கொலை செய்திருந்தார்கள். அர்த்தம் தெரியாத வார்த்தைக்கு வாய்க்கு வந்ததை எழுதியிருந்த ஒருவனுக்கு ஓரத்தில் காரமாக ஒரு குறிப்பு எழுதியது நினைவிருக்கிறது. குழந்தை சத்தமே போடவில்லை. என்ன இருந்தாலும் தகப்பன் கை பட்டால் தனிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மனைவி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே மேலே வந்தாள். கட்டிலைப் பார்த்தாள்.

"பிள்ள எங்க?"

நானும் பார்த்தேன். பை இருந்தது. கழுத்து ஓட்டை இருந்தது. அதில் தலை இல்லை.

நான் எழுந்திருக்கவில்லை. அவள் ஜிப்பை இழுத்தாள். உள்துணியைக் கடித்துக்கொண்டு அது நகர மறுத்தது. ஒரு கணம்கூட அதோடு மல்லுக்கட்டவில்லை. கழுத்து வழியாக இரண்டு கையையும் விட்டு, அக்குளைப் பிடித்து, கிணற்றிலிருந்து குடத்தை எடுப்பது போல் குழந்தையை மேலே எடுத்தாள். கை உள்ளே இருந்ததால் தோள் எங்கும் தடுக்காமல், உதைத்து உதைத்து அது பையின் அடிக்கே இறங்கியிருந்தது. ஒரு வயசுப் பிள்ளையின் கழுத்துக்கு வெட்டிய ஓட்டை; இரண்டு மாதக் குழந்தையின் தலை அதில் தாராளமாகப் போய் வரும்.

முகம் பழுத்த மிளகாய் மாதிரி இருந்தது. முடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. பிறகு வீறிட்டு அழுதது. சந்து முழுக்கக் கேட்கும் அழுகை. அவ்வளவு நல்ல சத்தத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. என் கையில் இன்னும் சிவப்புப் பேனா இருந்தது. அது பாட்டுக்கு ஒரு பையனின் விடைத்தாள் முழுக்கக் கோடு இழுத்திருந்தது.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். என்னிடம் எப்போதும் பதில் உண்டு. குழந்தையை மார்போடு வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். நான் போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். குடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தத் தாள்ல இருக்குறத அப்படியே பாத்து எழுதி மதினிக்கு அனுப்புங்க. அவங்க தமிழ்ல எழுதி அனுப்பட்டும்" என்றாள். அவ்வளவுதான். பையை ட்ரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். அன்றைக்கு எழுதியதுதான் என் வாழ்நாளிலேயே நான் எந்தத் திருத்தமும் செய்யாமல் எழுதிய தாள்.

மூன்று வாரம் கழித்து அக்காவிடமிருந்து ஏர்மெயில் கவர் வந்தது. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் அப்பா பிரித்துவிட்டிருந்தார். ரயிலுக்குப் பச்சைக் கொடி காட்டிய குரலில் எல்லோருக்கும் வாசித்தார். கீழ் வீட்டுக்காரம்மாவும் இருந்தார்.

"'தம்பி, உன் மொழிபெயர்ப்பையும் சேர்த்து எழுதியிருந்தாய். நீ நிக்ட் என்று படித்த நிஷ்ட் நைட் இல்லை. கூடாது என்று அர்த்தம்.'" அப்பா என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். "'மேலே போர்வை போடக் கூடாது. குல்லாய் போடக் கூடாது. உள்ளே அதிகமாக உடுத்தக் கூடாது. கையை உள்ளே வைத்து மூடக் கூடாது. அளவில் பெரிதாக வாங்கக் கூடாது. கழுத்து வழியாகத் தலை உள்ளே போகக் கூடாது.'"

நான் படித்த ஐந்துக்கு ஐந்தும் தலைகீழ்; பிடிபடாமல் விட்ட ஆறாவதுதான் தலை உள்ளே போவது. குருட்டாம்போக்கில் பதில் எழுதுகிறவன்கூட ஒன்றிரண்டு சரியாக எழுதிவிடுவான். இதற்குப் படிப்பு வேண்டும்.

"குல்லாய் நான் வாங்குனதுதான்" என்றார் அப்பா, யாரும் கேட்காமலே. பிறகு வெகுநேரம் மஃப்ளரின் நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

கடிதத்தின் கடைசியில் அக்கா இன்னொன்றும் எழுதியிருந்தாள். அவள் ஆஸ்பத்திரி டாக்டர்கள் குழந்தைகளைக் குப்புறப் படுக்க வைக்கச் சொல்கிறார்களாம். அதை மட்டும் மனைவி ஏற்கவில்லை. "மூக்கு மேல இருந்தாத்தான மூச்சு விட முடியும். நான் மல்லாத்தித்தான் போடுவேன்" என்றாள். இந்த முறை ஜெர்மனிக்காக நான் வாதாடவில்லை. பல வருஷம் கழித்து அந்த நாட்டு டாக்டர்களே மாறி, மல்லாத்தித்தான் படுக்க வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டதாக அக்கா சொன்னாள். என் மனைவியைக் கலந்து ஆலோசித்திருந்தால் அத்தனை வருஷம் ஆகியிருக்காது.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். பையை எரிக்கச் சொல்வாள் என்று நினைத்தேன். அவளோ கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "யோசன நல்ல யோசனதான்" என்றாள். மாசி மாதம். விடியக்காலையில் வைகைப் பக்கமிருந்து ஜன்னல் வழியாகக் காற்று கொஞ்சம் வீசும். போர்த்திய துண்டைக் குழந்தை உதைத்து உதைத்து முகத்தின் மேல் ஏற்றிக்கொள்ளும். இரண்டு முறை அவள் எழுந்து இழுத்து விட்டிருக்கிறாள். முகத்துக்கு ஏறாத போர்வை ஒன்று வேண்டும். அதுவும் மதுரைக்குத் தக்கதாக வேண்டும்.

அப்பாவின் பழைய மல் வேட்டி ஒன்றைக் கேட்டு வாங்கினாள். துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போன துணி. குழந்தையின் கழுத்தை நாடாவால் அளந்தாள். கழுத்துக்கும் துணிக்கும் இடையில் ஒரு விரல் போக வேண்டும், தலை போகவே கூடாது. கை ஓட்டை தோளுக்கு ஒட்டி, இறுக்காமல். கை இரண்டும் எப்போதும் வெளியே. தோள்பட்டையில் முடிச்சுக் கயிறு வைக்கலாம் என்று நான் யோசனை சொன்னேன். "கயிறு கழுத்துல சுத்தும்" என்று அழுத்து பட்டன் வைத்தாள். ஒவ்வொன்றையும் பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தாள், கழன்று குழந்தை வாய்க்குப் போகுமா என்று. மேலே ஒடுக்கம், கீழே தாராளம். "கால நீட்டிக் கட்டிப் போடக் கூடாது. தவளை மாதிரி மடக்கி உதைக்கணும், அப்பத்தான் இடுப்பு நல்லா இருக்கும்" என்றாள். எந்தத் தாளையும் படித்து அவள் இதைச் சொல்லவில்லை. பிள்ளை தூங்கும்போது பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என் கண்ணுக்குப் பை மட்டும்தான் தெரிந்தது.

கெட்டிப் பாய்க்கு மேல் ஒரு விரிப்பு. தலையணை கிடையாது, பக்கத்தில் துணி மூட்டை கிடையாது. பைக்குள் ஒரு சின்னத் துணியும் மெல்லிய சட்டையும் மட்டும். பையோடு தொட்டிலில் போடக் கூடாது என்றும் உத்தரவு. தொட்டில் குழியில் கழுத்து மடங்கி, துணி முகத்துக்கு வருமாம். முதல் நாள் குழந்தை காலை உதைத்தது. துணியும் கூடவே போய் வந்தது, முகத்துக்கு ஏறவில்லை. கொஞ்ச நேரத்தில் கையை இரண்டு பக்கமும் விரித்துப் போட்டுத் தூங்கிவிட்டது. பிடரியைத் தொட்டுப் பார்த்தாள். என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். ஈரமில்லை. அந்தச் சோதனையில் உதவியாளாக அன்றுமுதல் எனக்கு வேலை கிடைத்தது.

பங்குனி பிறந்ததும் அந்த மல் பையும் உள்ளே போய்விட்டது. "இனிமே எதுவும் வேணாம். ஃபேனுக்கு அடியில சட்டை போதும்" என்றாள். நான் கொஞ்சம் ஏமாந்துதான் போனேன். இவ்வளவு பாடுபட்டுத் தைத்ததைப் போடாமல் இருப்பதா என்று. வாயைத் திறக்கவில்லை. அந்த வருஷம் நான் கற்றுக்கொண்ட ஒரே பாஷை அது.

ஆடி மாதம் அக்கா லீவில் வந்தாள். குழந்தைக்கு எட்டு மாதம், தவழ்ந்துகொண்டிருந்தது. வந்த அன்றே, "பை உபயோகமா இருந்துச்சா?" என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமைச் சங்கதியை நான் கடிதத்தில் எழுதவில்லை. "ரொம்ப உபயோகம்" என்றேன். அப்பாவும் "ரொம்ப" என்றார். மனைவி மட்டும் குழந்தைக்குச் சோறு பிசைந்துகொண்டே, நடந்ததை ஒன்று விடாமல், குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். பிறகு சொன்னாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஒரு கடை. கண்ணாடிக்குள் அந்தப் பை தொங்கியது. தம்பிக்குப் பிள்ளை பிறந்திருக்கு என்று கடிதம் கிடைத்த நாளிலிருந்து தினமும் நின்று பார்த்திருக்கிறாள். கடைக்காரம்மா, பிள்ளை எத்தனை கிலோ, எவ்வளவு நீளம் என்று கேட்டாளாம். "எனக்குத் தெரியல. தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. நானே நர்ஸு. ஆனா வயசானவங்க வார்டுலதான் வேலை. பெருசாக் கேட்டேன், வளர்ற பிள்ளதானன்னு. ஜாக்கிரதை பத்திக் கடைக்காரம்மா என்னென்னமோ சொன்னா. நான் காதுலயே வாங்கல. இந்தப் பிள்ள எம்புட்டு இருக்கும், எப்படி இருக்கும்னு நெனச்சிக்கிட்டே நின்னேன்."

"அளவுதான் மதினி உங்க தப்பு. மிச்சமெல்லாம் உங்க தம்பி படிச்ச படிப்பு" என்றாள் மனைவி. குழந்தையைத் துடைத்துத் தூக்கி அக்காவின் மடியில் வைத்தாள். எட்டு வருஷம் வெளிநாட்டு நோயாளிகளைப் புரட்டிப் போட்டுப் பழகிய என் அக்காவுக்கு அந்தப் பிள்ளையை எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை. அது அவள் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி விவகாரத்தை முடித்துவைத்தது. இருந்த ஒரு மாதமும் அக்காதான் தூங்க வைத்தாள். ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் பிடரியைத் தொட்டுப் பார்ப்பாள். அதனாலேயே அது தூங்காது.

அந்த வருஷக் கடைசியில், மகளுக்கு ஒரு வயது முடிந்த பிறகு, கிறிஸ்துமஸ் லீவில் நாங்கள் கொடைக்கானல் போனோம். ட்ரங்குப் பெட்டியைத் திறந்து பையை எடுத்தது மனைவிதான். ஜிப்பைச் சரி செய்திருந்தாள். கழுத்தை அளந்து பார்த்தாள், சரியாக இருந்தது. சாயங்காலமே அங்கே நிஜமான குளிர் வந்துவிட்டது. உள்ளே ஒரு பருத்திச் சட்டை, கால்சட்டை; கை இரண்டும் முழுக்கைச் சட்டையோடு வெளியே; தலை வெறுமையாக. மல்லாத்திப் படுக்க வைத்தாள். மகள் பையின் கட்டங்களைக் கொஞ்ச நேரம் நிரடிப் பார்த்துவிட்டுத் தூங்கிப்போனாள்.

லாட்ஜைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் பிள்ளைக்கென்று இரண்டு கம்பளி கொண்டுவந்தார். மனைவி வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தாள். பெற்ற பிள்ளையைக் குளிரில் போட்டிருக்கிறார்களே என்கிற மாதிரி அவர் எங்களைப் பார்த்தார். இதிலுள்ள நுட்பங்களை அவருக்கு விளக்கலாம் என்று நான் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தேன்.

"நீங்க போய்க் குடிக்க ஒரு சொம்பு வெந்நி கேட்டு வாங்கிட்டு வாங்க" என்றாள் அவள். வாங்கிவரப் போனேன்.